பாடினால் மட்டும் போதுமா?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தூத்துக்குடியில் வாடகைக்கு எடுத்த சிறிய அரங்கு ஒன்றில் என் தங்கை மகனின் இசைக்குழு பாடியது. நான்கு இளைஞர்கள், இரண்டு கிதார்கள், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ். பாடியவை அனைத்தும் அவர்களே எழுதி, அவர்களே மெட்டமைத்த பாடல்கள். திரைப்படப் பாடல் ஒன்றுகூட இல்லை. இத்தகைய குழுக்களைச் 'சுயாதீன இசைக்குழு' என்று இப்போது அழைக்கிறார்கள். எங்கள் ஊரில் 'பேண்டு' என்றால் சப்பரத்துக்கு முன்னால் போகும் பேண்டு வாத்தியம்தான் நினைவுக்கு வரும். மகன் பேண்டு ஆரம்பித்திருக்கிறான் என்று என் தங்கை சொன்னபோது, பக்கத்து வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலத்துக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று விசாரித்தாராம்.

அரங்கில் 250 நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 18 பேர் உறவினர்களாகிய நாங்கள். எஞ்சிய 43 பேரில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். பின்வரிசையில் வேட்டி கட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மட்டும் கடைசிப் பாட்டுவரை எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மருமகன் கணக்கு நோட்டுடன் வந்தான். அரங்க வாடகை 12,000 ரூபாய். ஒலி, ஒளி அமைப்பு 24,000. சென்னையில் வேலை பார்க்கும் இருவர் வந்து போகவும் தங்கவும் 7,500. சுவரொட்டிக்கும் இணைய விளம்பரத்துக்கும் 4,500. மொத்தம் 48,000 ரூபாய். வரவு, தலைக்கு 200 ரூபாய் வீதம் 43 பேரிடம் 8,600 ரூபாய். இழப்பு 39,400.

'பாட்டு நல்லாத்தானே மாமா இருந்துச்சு?' என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது, மூன்றாவது பாடல் சற்று நீளம் என்பதைத் தவிர எனக்குக் குறை தெரியவில்லை. 'அப்போ ஏன் யாரும் வரலை?' என்ற அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை. 33 ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். விளம்பரச் செலவில் பெரும்பகுதி வீண் என்றும், தரமான சரக்கு தன் சந்தையைத் தானே தேடிக்கொள்ளும் என்றும் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பூக்கடைக்கு எதற்கு விளம்பரம் என்ற வழக்கையும் அதற்குத் துணையாக அழைத்ததுண்டு. பூவின் மணம் தெருவில் போகிறவரை எட்டும். கதவடைத்த அரங்கில் பாடும் பாட்டு வாசலைத் தாண்டாது. இந்த எளிய வேறுபாட்டை நான் யோசித்ததே இல்லை.

பதில் என் வீட்டு வாசலிலேயே இருந்தது. தூத்துக்குடியைச் சுற்றி இரண்டு சரக்குகள். ஒன்று உப்பு. உப்பளத்தில் நிற்கும் உப்பைக் கையில் அள்ளிப் பார்த்தாலே வியாபாரிக்கு அதன் தரம் தெரிந்துவிடும். நிறம், பரல், ஈரம் மூன்றும் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டுபவை. ஆகவே எந்த உப்பளக்காரரும் தன் உப்பைப் பற்றி மேடை போட்டுப் பேசுவதில்லை. விலையைச் சந்தை சொல்கிறது. (அதே உப்பைப் பொட்டலத்தில் அடைத்தவுடன் கோடிக்கணக்கில் விளம்பரம் தேவைப்படுகிறது. அது வேறு கதை.)

மற்றொன்று முத்து. முத்து இருக்கிறதா இல்லையா என்பது சிப்பியைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆனால், மன்னார் வளைகுடாவில் நடந்த சலாபங்களில் சிப்பிகள் திறக்கப்படாமலேதான் ஏலம் போயின. கடலிலிருந்து வந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைத்த இடத்தில் குவிக்கப்படும். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் கூறப்படும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்கு முன்பின் அறியாத வியாபாரிகள் ஏன் பணம் கட்டினார்கள்? அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சலாபம் நடத்துவதற்கு முன்பே அரசு, பார்களில் முங்காள்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுக்கும். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துகளை அளவு வாரியாகப் பிரித்து, மதிப்பீட்டாளர்களைக் கொண்டு விலை மதித்து, ஆயிரம் சிப்பியின் பெறுமானம் இவ்வளவு என்று கணக்கிடும். கணக்கு சாதகமாக இருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரிகள் புறப்பட்டு வந்தார்கள்.

தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை தொடர்ச்சியாக நடந்தவையே அந்த வரிசையில் கடைசிச் சலாபங்கள். என் தந்தை அவற்றில் ஒன்றைப் பார்த்தவர். முதல் நாள் ஏலத்தில் வாங்கியவருக்கு நல்ல முத்து கிடைத்தது என்ற பேச்சு பரவினால் மறுநாள் விலை ஏறும் என்றும், ஏமாந்தார் என்ற பேச்சு பரவினால் இறங்கும் என்றும், இரண்டு பேச்சுமே பாதி பொய்யாக இருக்கும் என்றும் சொல்வார்.

இசைக்குழுவின் நிகழ்ச்சி முத்துச் சிப்பியின் இனத்தைச் சேர்ந்தது. 1970ஆம் ஆண்டு பிலிப் நெல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பொருள்களை இரண்டாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். வாங்கும் முன்பே பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடியவை ஒரு வகை; நுகர்ந்த பிறகே தரம் தெரிபவை இன்னொரு வகை. இரண்டாம் வகைப் பொருளில், விற்பவர் தன்னைப் பற்றித் தகவல் தராவிட்டால் சந்தையே உருவாகாது. நெல்சனின் இந்தப் பாகுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தினேன். எடுத்துக்காட்டாக நான் சொன்னது சவர்க்காரமும் பற்பசையும். நம்மூர் முத்து என் நினைவுக்கு வரவில்லை.

ஆக, ஓர் இசைக்குழுவுக்குத் தன்னை அறிவித்துக்கொள்வது தேவையா என்ற கேள்விக்கு விடை தெளிவு: தேவை. ஆனால் எவ்வளவு, யாரிடம், எப்படி என்பவை அத்தனை எளிதில் விடை கிடைக்கும் கேள்விகள் அல்ல.

யாரிடம் என்பதை முதலில் பார்ப்போம். தென்கடலோரத்தில் இசைக்குக் காசு கொடுப்பவர் யார்? கேட்பவர் அல்லர். இங்கே கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர்க் கமிட்டி பணம் திரட்டுகிறது. அந்தப் பணத்தில் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம், மெல்லிசைக் கச்சேரி எல்லாம் வருகின்றன. ஊரே மணலில் உட்கார்ந்து விடிய விடிய இலவசமாகக் கேட்கிறது. இசை கேட்கச் சீட்டு வாங்கும் பழக்கம் திரையரங்கைத் தவிர வேறெங்கும் இங்கு வேரூன்றவில்லை. எனவே இங்கே இசையின் வாடிக்கையாளர் ஊர்க் கமிட்டிதான். வில்லுப்பாட்டுக் குழுவினர் சுவரொட்டி ஒட்டி நான் பார்த்ததில்லை. ஓர் ஊர்க் கொடையில் அவர்கள் பாடும்போது பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிடித்துப் போனால் மறுநாளே அச்சாரம் வந்து சேரும். பாடுவதே அறிவிப்பு, அறிவிப்பே பாட்டு. முத்துக்கு முன்னால் மாதிரிச் சிப்பியைத் திறந்து காட்டியதும் இதுதான்.

மெல்லிசைக் குழுக்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அவர்கள் பாடியவை ஊர் முழுக்க ஏற்கெனவே மனப்பாடமாகியிருந்த திரைப்பாடல்கள். அந்தப் பாடல்களை அறிமுகப்படுத்தும் செலவைத் திரைப்படத் தயாரிப்பாளர் ஏற்றிருந்தார். கதாநாயகனின் முகம், படத்தின் சுவரொட்டி, வானொலி, தொலைக்காட்சி எல்லாமே அந்தப் பாடலின் விளம்பரங்கள். ஆனால் அவை பாடலின் கணக்கில் எழுதப்படுவதில்லை, படத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. தமிழில் திரையிசை ஓங்கி நிற்பதற்கு அதன் இனிமை ஒரு காரணம் என்றால், இந்தச் செலவுப் பகிர்வு இன்னொரு காரணம். சுயாதீனக் குழுவோ பாடலை உருவாக்கும் செலவையும் அதை ஊருக்குச் சொல்லும் செலவையும் தானே சுமக்கிறது. சென்னையில் சொந்தக் குழுக்களில் பாடித் தொடங்கிய ஷான் ரோல்டன், பிரதீப் குமார், தர்புகா சிவா போன்றோர் பின்னர் திரையிசையிலும் இடம் தேடிக்கொண்டதை அவர்களது கொள்கைத் தளர்ச்சி என்று சில இளைஞர்கள் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளம்பரச் செலவை வேறொருவர் ஏற்கும் துறைக்குத் திறமை நகர்வது இயல்பு.

திரைப்படத்தின் துணையைப் பெற்றும், அதற்குள் கரைந்துவிடாமல் நின்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து பிறந்த பெயர். கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து ஏறத்தாழ 20 பேர் பாடினார்கள். மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். ஒரு பாடல்கூடக் கேட்டிராத குழுவுக்கு அத்தனை கூட்டம் எப்படி வந்தது?

பிரபல இயக்குநரின் பெயர் என்பார்கள். அனுமதி இலவசம் என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் அந்தக் குழுவில் இருந்த கானாப் பாடகர்கள் வடசென்னைத் தெருக்களிலும் இறப்பு வீடுகளிலும் பாடிப் பழகியவர்கள். அவர்களுக்கென்று கேட்கும் கூட்டம் முன்பே இருந்தது. அதைச் சுவரொட்டி உருவாக்கவில்லை. அதோடு, யாரைப் பற்றி, யாருக்காகப் பாடுகிறோம் என்பதைக் குழுவின் பெயரே சொல்லிவிட்டது. அந்தக் கூட்டத்தில் பலர் இசை கேட்க மட்டும் வரவில்லை. தங்களைப் பற்றி ஒருவர் மேடையில் பாடப்போகிறார் என்பதற்காகவும் வந்தார்கள். என் மருமகனின் குழு இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், ஒரு பிரபலத்தைப் பிடிக்க வேண்டும் என்பது. அவர்கள் பிரபலத்தைத் தேடிப் பல மாதங்கள் அலைந்தார்கள். தங்கள் பாடல் யாருக்கானது என்று ஒரு மாலைப் பொழுதுகூட உட்கார்ந்து பேசவில்லை.

தில்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' குழுவின் கதை வேறு மாதிரி. 1990இல் தொடங்கிய குழு. 1993இல் முதல் தொகுப்பு வெளியாயிற்று. 1997இல் ஒரு மேடை நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்து 'டெசர்ட் ரெயின்' என்று வெளியிட்டார்கள். 'கந்திசா' தொகுப்பு 2000இல் வந்தது. கல்லூரி விழா, சிறு அரங்கு, பொது நிகழ்ச்சி என்று ஏறாத மேடையில்லை. 2010இல் '16/330 கஜூர் ரோடு' என்ற தொகுப்பை மாதம் ஒரு பாடலாக இணையத்தில் இலவசமாகத் தந்தார்கள். தாங்கள் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரியே தொகுப்பின் பெயர். தன் சரக்கை இலவசமாகக் கொடுப்பவன் பைத்தியக்காரன் அல்லவா என்று பொருளாதார மாணவன் கேட்பான். பாடலின் பதிவை மாதிரிச் சிப்பியாகவும் நேரடி நிகழ்ச்சியை ஏலமாகவும் கருதினால் குழப்பம் தீர்ந்துவிடும். இசைப் பதிவு குழாய்த் தண்ணீரைப்போல் ஆகிவிடும், கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று பாடத் தயாராக வேண்டும் என்ற கருத்தைப் பிரிட்டன் பாடகர் டேவிட் போவி 2002இலேயே சொல்லியிருந்தார். கேரளத்தின் 'தைக்குடம் பிரிட்ஜ்' குழு 2013இல் ஒரு தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் பாடிய காணொலிகள் பரவிய பிறகுதான் மேடைகள் அதைத் தேடிவந்தன. அங்கும் பாடலே முன்னால் சென்றது. பெயர் பின்னால் வந்தது.

சமூக வலைத்தளம் வந்தபிறகு விளம்பரம் செலவில்லாமல் நடக்கிறது என்கிறார்கள். அது செலவில்லாத ஒன்று அன்று. நிகழ்ச்சிக்கு முந்தைய மாதத்தில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாய் என்று மருமகனைக் கேட்டேன். ஒரு மணி நேரம். குறுங்காணொலி எடுக்கவும் பதிவிடவும் பதில் எழுதவும்? மூன்று மணி நேரம். வகுப்பில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். அவன் கணக்கு நோட்டில் அந்த 90 மணி நேரம் எங்குமே இல்லை. வில்லியம் பௌமோலும் வில்லியம் பவெனும் 1966இல் நிகழ்த்து கலைகளின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய நூலில், நான்கு பேர் இசைக்க வேண்டிய ஒரு படைப்பை இசைக்க இன்றும் அதே நான்கு பேரும் அதே நேரமும் தேவை என்று சுட்டிக்காட்டினார்கள். தொழிற்சாலையில் உற்பத்தித் திறன் பெருகுவதுபோல் இசையில் பெருகாது. அவர்கள் எழுதிய காலத்தில் அந்த நால்வருக்கு வாசிப்பது மட்டுமே வேலை. இப்போது நால்வருமே விளம்பர முகவர்கள்.

இத்தனை உழைப்புக்கும் கிடைப்பது என்ன? ஸ்பாட்டிஃபை தளம் 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத்தொகை வழங்குவதில்லை. பல கோடி முறை பார்க்கப்பட்டாலும் வருவாய் வந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. 2021இல் உலகெங்கும் தமிழர்கள் கொண்டாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலால் தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகவே கூறினார். நேரடி நிகழ்ச்சியிலும் சிலருக்கே பெருமழை. ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞரின் கணக்குப்படி, அமெரிக்க இசை நிகழ்ச்சி வருவாயில் முன்னணி ஒரு சதவீதக் கலைஞர்களின் பங்கு 1982இல் 26 சதவீதம். 2003இல் 56 சதவீதம்.

அந்த ஒரு சதவீதத்தினர் உண்மையிலேயே மற்றவர்களைவிட அத்தனை மடங்கு திறமைசாலிகளா? கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூவர் 2006இல் வெளியிட்ட சோதனை இங்கே நமக்கு உதவும். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து 14,341 பேரைக் கேட்கச் செய்தார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். ஒரே பாடல் ஓர் உலகத்தில் முதலிடத்துக்கும் இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்கும் போயிற்று. மிக நல்ல பாடல்கள் பெரும்பாலும் தோற்கவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. நடுவில் இருந்தவற்றின் தலைவிதியை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. என் தந்தை சொன்ன ஏலப் பேச்சு கணினிக்குள் புகுந்ததுபோல் இருக்கிறது இது.

இதைப் படித்த ஒருவர், அப்படியானால் முதலில் கூட்டம் இருப்பதுபோல் காட்டிவிட்டால் போதுமே என்று எண்ணக்கூடும். ஆய்வாளர்களுக்கும் அந்த ஐயம் வந்தது. அடுத்து வெளியிட்ட ஆய்வில் எண்ணிக்கைகளைத் தலைகீழாக்கினார்கள். அதிகம் விரும்பப்பட்ட பாடல் கடைசியிலும் கடைசிப் பாடல் முதலிலும் இருப்பதாகக் காட்டினார்கள். பொய்யான புகழ் பல பாடல்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் மிக நல்ல பாடல்கள் நாளடைவில் மெல்ல மேலே ஏறின. இன்னொன்றும் நடந்தது. முதலில் தென்பட்ட பாடல்கள் நன்றாக இல்லாததால் மொத்தத் தரவிறக்கமே குறைந்துவிட்டது. பொய் விளம்பரம் நல்ல பாடலை மட்டும் பாதிக்கவில்லை. கடைக்கு வந்தவரையே திருப்பி அனுப்பிவிட்டது.

இந்த இடத்தில் மருமகன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டான். குழுவின் பக்கத்தில் 7,200 பேர் பின்தொடர்வதாகக் காட்டுகிறது. அவர்களில் 5,000 பேர் ஒரு முகவரிடம் காசு கொடுத்துப் பெற்றவர்கள். எங்கோ கணினியில் மட்டும் வாழ்பவர்கள். தூத்துக்குடிக்குப் பேருந்து ஏற மாட்டார்கள். அந்த எண்ணை நம்பித்தான் 250 நாற்காலி கொண்ட அரங்கை எடுத்திருக்கிறார்கள். ஊரை ஏமாற்ற வாங்கிய எண்ணில் ஏமாந்தவர்கள் அவர்களே. 80 பேர் அமரும் ஒரு மாடி அறையை எடுத்திருந்தால் இழப்பு பாதியாகியிருக்கும். 61 பேர் கூட்டம் நிறைந்த அவையாகத் தெரிந்திருக்கும். அவர்களின் சுவரொட்டியையும் எடுத்துப் பார்த்தேன். 'தென் தமிழகத்தின் மாபெரும் இசைப் புயல்' என்று இருந்தது. பாடல் எதைப் பற்றியது, எங்கே ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சொல் இல்லை. சிப்பியைத் திறக்காமலே முத்தின் அளவைச் சொல்லியிருந்தார்கள்.

தன்னைத் தானே புகழ்வது நம் மரபில் இழுக்கு என்பதால்தான் இளைஞர்கள் இதில் தடுமாறுகிறார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. மரபு அவ்வளவு கறாராக இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, எத்தனை கற்றவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதிக்கிறது. நூலுக்குப் பாயிரம் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரையாசிரியர் என்று பட்டியலும் தருகிறது. அதை ஒட்டியே விதிவிலக்கும் வருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். இரண்டாவது விலக்கைப் பாருங்கள். தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்பவன்! புதிய இசைக்குழுவின் நிலையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நூலும் சொல்லவில்லை. நெல்சனுக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே, நுகர்வோரிடம் தகவல் இல்லாதபோது மட்டும் தற்புகழ்ச்சிக்கு உரிமம் கொடுத்திருக்கிறார் பவணந்தியார். அறிந்த பிறகு? பாயிரம் சொல்ல வேண்டியவர்கள் மற்றவர்கள்.

அளவு பற்றிய என் கணிப்பும் இதைச் சார்ந்ததே. முதல் நிகழ்ச்சிக்கு முதல் 40 பேரைக் கொண்டுவர விளம்பரம் இன்றியமையாதது. அதில் கூச்சப்பட இடமில்லை. அந்த 40 பேர் உட்கார்ந்த பிறகு, அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரம் மேடையில்தான் நடக்கிறது. மேல்நிலைப் பள்ளி மாணவருக்கும் தெரிந்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி இங்கும் பொருந்தும். பத்தாவது குறுங்காணொலியை எடுக்கும் நேரத்தில் மூன்றாவது பாடலின் நீளத்தைக் குறைத்திருக்கலாம். உறவினர்களாகிய நாங்கள் 18 பேர் அந்தப் பாடலுக்கும் விழுந்து விழுந்து கைதட்டினோம். அதுவும் ஒருவகையில் காசு கொடுத்து வாங்காத பொய் எண்ணிக்கைதான்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். பாதியைக் கேட்டுக்கொண்டான். கேட்க மறுத்த பாதியிலும் நியாயம் இருக்கிறது. பெரிய நகரத்தில் 40 பேரைச் சேர்ப்பது வேறு, இங்கே சேர்ப்பது வேறு என்றான். சென்னையில் இத்தகைய பாடல்களுக்கென்று சில இடங்களாவது உண்டு, கமிட்டி இல்லாத கலைக்கு இங்கே ஒரு திண்ணைகூட இல்லை என்றான். 2022இல் இங்கு நடந்த நெய்தல் கலைவிழாவில் கடற்கரைக் கலைகளைக் காணத் திரண்ட கூட்டத்தை நினைவூட்டினேன். 'அது வருசத்துக்கு ஒரு தடவை மாமா. நாங்க மாசத்துக்கு ஒரு தடவை பாடணும்' என்றான். மாநகராட்சியோ கல்லூரிகளோ மாதம் ஒரு மாலை ஒரு சிறு அரங்கைக் குறைந்த வாடகைக்கு விட்டால், இந்தப் பிள்ளைகளின் 48,000 ரூபாய்க் கணக்கில் பெரிய பகுதி குறையும். அதற்காகச் சிலரைச் சென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு கல்லூரி முதல்வர் மட்டும், 'பார்க்கலாம் சார்' என்றிருக்கிறார்.

சென்ற வாரம், பின்வரிசையில் அமர்ந்திருந்த அந்த வேட்டிக்காரர் என் தங்கை வீட்டைத் தேடி வந்தார். பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் ஊர்க் கமிட்டிக்காரர். அன்று தூத்துக்குடிக்கு வேறு வேலையாக வந்தவர், சுவரொட்டியைப் பார்த்து என்னதான் புயல் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டுக்காகக் கடைசிவரை இருந்தேன் என்றார். திருவிழாவில் ஒன்றரை மணி நேரம் பாட வேண்டும். ஆனால் முழுக்கச் சொந்தப் பாட்டாக இருந்தால் ஊர் எழுந்து போய்விடும், ஆறு சினிமாப் பாட்டு வேண்டும் என்றார். இரண்டு என்றான் மருமகன். நீண்ட பேரத்துக்குப் பின் மூன்றில் முடிந்தது. அச்சாரம் 2,000 ரூபாய். நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறான். சுவரொட்டி அடிக்க வேண்டாம், ஊரில் மைக்கில் சொல்லிக்கொள்கிறோம் என்று வேட்டிக்காரர் போகும்போது சொன்னார். குழுவின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று மட்டும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.